முழு பலம் என்பது எவ்வளவு? – ஆய்வக நாட்குறிப்பு

மார்ச் 4

இன்று தொடை முன்தசையை அளக்கத் தொடங்கினோம். நாற்காலியில் இடுப்பையும் தோளையும் பட்டையால் இறுக்கி, கணுக்காலை விசைமானியோடு பிணைக்கிறோம். உட்கார்ந்திருப்பவர் காலை நீட்ட முழு பலத்தோடு உந்துவார். திரையில் கோடு ஏறி, உச்சியில் சமமாக நிற்கும். அந்த நொடியில் தொடை நரம்புக்கு ஒரு மின்துடிப்பு. கோடு அசையாவிட்டால், தசையிடம் இருந்ததையெல்லாம் அவரே எடுத்துவிட்டார் என்று கொள்ளலாம். சின்னதாக எகிறினால் உள்ளே இன்னும் மிச்சம் இருக்கிறது.

காலைத் தளர்த்தியதும் அதே துடிப்பை மறுபடி கொடுப்போம். தளர்ந்த தசையில் 50 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை எழுந்து, உந்தும்போது 9 மட்டும் கூடியிருந்தால், 18 சதவீதம் எட்டாமல் நிற்கிறது. அதாவது நரம்பு தசையை இயக்கும் அளவு 82 சதவீதம்.

மார்ச் 5

1954இல் உடலியலாளர் மெர்டன் இதே வழியில் கட்டைவிரலை உள்ளிழுக்கும் தசையைச் சோதித்தார். முழு முயற்சியின்போது கூடுதல் துடிப்பு எதையும் சேர்க்கவில்லை. அப்புறம் வந்தவர்கள் கருவிகளைக் கூர்மையாக்கியதும் பல தசைகளில் சிறு மிச்சம் தெரிந்தது. தொடை முன்தசையில் நலமானவர்களுக்கே முழு நூறு எளிதில் வருவதில்லை.

மார்ச் 11

முழங்கால் தசைநார் அறுவை முடிந்த ஒரு பெண் வந்திருந்தார். உட்காரும்போதே, "நான் சரியா முயற்சி பண்றதில்லைன்னு எல்லாரும் சொல்றாங்க சார்" என்றார். உந்தினார், கழுத்து நரம்பு புடைத்தது, கை நாற்காலியின் விளிம்பைப் பற்றி வெளுத்தது. துடிப்பு போனதும் கோட்டில் படிக்கட்டுபோல ஒரு எகிறல். கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது. திரையைத் திருப்பிக் காட்டினேன்.

காயம்பட்ட மூட்டிலிருந்து போகும் செய்தி தண்டுவடத்தில் இந்தத் தசைக்கான நரம்பணுக்களை அடக்கிவிடுகிறது. வீக்கம் மட்டும் இருந்தால்கூடப் போதும், வலியே வேண்டாம். அடிபடாத காலிலும் இந்தக் குறை தென்படுவதுண்டு. அவரைச் சோம்பேறி என்றவர்கள் இந்தக் கோட்டைப் பார்த்திருக்க வேண்டும். "அப்போ நான் ஏமாத்தல இல்ல?" என்று கேட்டார். இல்லைம்மா, கொஞ்சமும் இல்லை.

மார்ச் 12

இந்தச் சதவீத எண்ணை நம்புவதற்கு முன் பார்க்க வேண்டியவை. மின்சாரத்தைக் கூட்டிக்கொண்டே போய், தசை தரும் விசை இனி வளராத அளவைக் கண்டு, அதற்கும் மேலே வைத்துக்கொள்வது. துடிப்பு விழும் நேரம்: கோடு உச்சிக்கு வந்து சமமான பிறகுதான். தளர்ந்த தசை துடிப்புக்குத் தரும் விசையை முழு முயற்சி முடிந்த கையோடு அளக்க வேண்டும். கடினமாகச் சுருங்கிய தசை கொஞ்ச நேரம் அதே துடிப்புக்குக் கூடுதல் விசை தரும். ஓய்ந்திருந்த தசை தரும் சிறிய விசையை வைத்து வகுத்தால், ஒருவர் உண்மையில் இருப்பதைவிடப் பலவீனமாகத் தெரிவார். ஒரு நோயாளியின் சிகிச்சை அந்த எண்ணைப் பார்த்து மாறலாம். அதனால் இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

மார்ச் 19

சோர்வுச் சோதனை. 2 நிமிடம் விடாமல் முழு பலத்தோடு உந்த வேண்டும். பக்கத்தில் நின்று "விடாதீங்க, விடாதீங்க" என்று குரல் கொடுப்பது என் வேலை. ஊக்கக் குரல் இல்லாமல் யாரும் உச்சத்துக்குப் போவதில்லை. நேரம் போகப்போக விசை சரிகிறது, நடுவில் கொடுக்கும் துடிப்பு எழுப்பும் எகிறலோ வளர்கிறது. தசை களைப்பது ஒரு பக்கம். நரம்பு மண்டலம் அதை ஓட்டுவதும் குறைகிறது. தலையில் காந்தத் துடிப்பு கொடுத்து மூளையின் இயக்கப் புறணியை, அதாவது அசைவுக்குக் கட்டளையிடும் மேல்பகுதியை, தூண்டினாலும் கூடுதல் விசை வருகிறது. புறணியிலேயே பயன்படாத மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். இத்தனைக்கும் உந்துகிறவர் தன்னால் முடிந்த அத்தனையையும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

மார்ச் 20

அந்தப் பெண்ணின் அறிக்கையை எழுதி முடித்தேன். எடையைக் கூட்டச் சொல்வது மட்டும் போதாது என்று குறிப்பிட்டிருக்கிறேன். முதலில் மூட்டு வீக்கத்தைக் குறைக்க வேண்டும். பயிற்சியோடு தசைக்கு மின்தூண்டலும் சேர்க்கலாம். மேலிருந்து வரும் கட்டளை தடைபட்டாலும் அது தசையை நேரடியாகச் சுருக்கும். கோட்டின் படத்தையும் இணைத்திருக்கிறேன், வீட்டில் காட்டுவதற்கு.