பன்னிரண்டு நாள் தண்ணீர்

ஏப்ரல் 13, ஞாயிறு

மே முதல் வாரம் ஊரில் கோயில் கொடைத் திருவிழா. அம்பாசமுத்திரம் பக்கம் மாமியார் வீட்டில் பன்னிரண்டு நாள் தங்கல். ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று. மிச்சம் இருக்கும் கவலை ஹாலில் நிற்கும் 12 தொட்டிகள்தான்.

போன வருடம் கீழ்வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்து, "வாரத்துக்கு ரெண்டு நாள் கொஞ்சம் தண்ணி ஊத்துங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனேன். அக்கா தினமும் ஊற்றியிருக்கிறார். இசட் இசட் செடி மண்ணுக்கடியில் உருளைக்கிழங்கு மாதிரி கிழங்கு வைத்து, அதில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும், ஆனால் சேற்றில் நிற்காது. திரும்பி வந்து இழுத்துப் பார்த்தால் தண்டு கையோடு வந்தது, கிழங்கு கூழாக இருந்தது. "வெயில்ல பாவமா இருந்துச்சும்மா" என்றார் அக்கா. அன்போடு ஊற்றியவரை என்ன சொல்வது?

இந்த வருடம் சொட்டு நீர். யார் மனதும் புண்படாது.

ஏப்ரல் 19, சனி

மீன் தொட்டியில் போடுகிற மாதிரி குட்டி பம்ப், மெல்லிய குழாய், டைமர் எல்லாம் ஒரு பெட்டியில் வந்தது. 20 லிட்டர் கேனைச் செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்தேன். தொட்டிகள் கீழே. மேலிருந்து கீழே தண்ணீர் சுலபமாக இறங்கும் என்று கணக்கு. சாயங்காலம் ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். கிட்டே இருந்த மணி பிளான்ட் தொட்டியில் குடுகுடுவென்று கொட்டியது, கடைசியில் இருந்த அரேக்காவுக்கு நூல் போல வந்தது. நாளைக்குச் சரிபண்ணிக்கொள்ளலாம் என்று பம்பை நிறுத்திவிட்டுப் படுத்தேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

காலை ஐந்தரைக்கு அவர் பாத்ரூம் போக எழுந்தவர் ஹாலில் காலை வைத்ததும் "ஏய்" என்று கத்தினார். சோபாவுக்கு அடியில் குளம். போன மாதப் பத்திரிகைக் கட்டு முழுக்க ஊறிப்போயிருந்தது. கேன் காலி.

பம்ப் நின்றுவிட்டது, தண்ணீர் நிற்கவில்லை. பக்கெட்டிலிருந்து வாயால் உறிஞ்சி டியூப் வழியே தண்ணீர் இறக்குவோமே, அதே சங்கதிதான். குழாய் ஒருமுறை நிரம்பிவிட்டால், அதன் மறுமுனை கேனின் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கும்வரை இறங்கிக்கொண்டே இருக்கும். பம்புக்கும் டைமருக்கும் அதில் ஒரு வேலையும் இல்லை. நானாகவே கேனை உயரத்தில் வைத்து வழி அமைத்துக் கொடுத்திருக்கிறேன்.

மாப் போட்டுத் துடைக்க ஒரு மணி நேரம். பிழிந்த தண்ணீரைப் பால்கனித் துளசிக்கு ஊற்றினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் 23, புதன்

மூன்று நாளாகச் செடிகளை நிறுத்துப் பார்க்கிறேன். சமையலறைத் தராசில் காலையில் ஒருமுறை, மறுநாள் அதே நேரத்துக்கு ஒருமுறை. நடுவில் தண்ணீர் கிடையாது. குறைந்த கிராம்தான் செடி ஒரு நாளில் குடித்ததும் காய்ந்ததும். ஒரு கிராம் ஒரு மில்லி.

ஜன்னலோரப் பீஸ் லில்லி ஒரு நாளைக்கு 110. பெரணி 95. சிங்கோனியமும் கிட்டத்தட்ட அதே. மணி பிளான்ட் 55. இரண்டு ஸ்நேக் பிளான்ட்டும் மூன்று நாளில் தராசு முள்ளைக்கூட அசைக்கவில்லை என்றே சொல்லலாம். அரேக்காவை நிறுக்க முடியாது, என் தராசு 5 கிலோவோடு சரி. அதற்குக் கையால் ஊற்றும் கணக்கில் 300 என்று வைத்துக்கொண்டேன்.

நாலு வருடமாக எல்லாத் தொட்டிக்கும் ஒரே சொம்பில் ஒரே அளவு ஊற்றிவந்திருக்கிறேன். அக்காவைக் குறை சொன்ன வாய் இது.

ஸ்நேக் பிளான்ட் இரண்டும் லைனில் சேராது. கிளம்புவதற்கு முன் ஒரு தடவை ஊற்றினால் போதும். மீதி 10 தொட்டி.

ஏப்ரல் 26, சனி

குட்டி பம்ப் ஏன் உதவாது என்று புரிந்தது. அது ஒரு மீட்டர் உயரம் தள்ளும், அவ்வளவுதான் அதன் பலம். அழுத்தத்தை 'பார்' என்ற அளவில் சொல்வார்கள், பத்து மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம்தான் ஏறக்குறைய ஒரு பார். அழுத்தம் எப்படி மாறினாலும் ஒரே அளவு சொட்டவிடும் டிரிப்பருக்குள்ளே ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. அதை வேலை வாங்கவே அரை பாருக்கு மேல் வேண்டும். இந்தப் பம்பைக் கொண்டு அதை ஊதக்கூட முடியாது.

வீட்டு ஆர்ஓவுக்குச் சர்வீஸ் செய்ய வரும் தம்பியிடம் கேட்டேன். "அக்கா, பழைய பூஸ்டர் பம்ப் ஒண்ணு கிடக்கு, அடாப்டரோட எடுத்துட்டு வரேன்" என்றார். 24 வோல்ட். ஒரு நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே தள்ளுகிறது, அழுத்தமும் தாராளம். 400 ரூபாய்.

மதியம் பாரிமுனை. மணிக்கு 2 லிட்டர் டிரிப்பர் 15, 4 எம்எம் கறுப்பு மைக்ரோ டியூப் 20 மீட்டர், குழாயை இரண்டாகப் பிரிக்கும் 'டீ' இணைப்புகள், கடைசி முனையை அடைக்கும் எண்ட் கேப். வெள்ளை டியூப் கேட்டேன், சுவருக்கு எடுப்பாக இருக்கும் என்று. கடைக்காரர் தரவில்லை. "வெளிச்சம் பட்டா உள்ள பாசி புடிக்கும்மா." பில் போட்டுவிட்டு இன்னொன்றும் சொன்னார்: "டிரிப்பர் மாட்டுறதுக்கு முன்னாடி தண்ணிய ஒரு தடவ சும்மா ஓட விடுங்க, குப்பை வெளிய போயிரும்." சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஒரு டிரிப்பர் நிமிடத்துக்கு 33 மில்லி. 3 நிமிடம் என்றால் 100. இதைக் கையில் வைத்துக்கொண்டு பிரித்தேன். அரேக்காவுக்கு 3 டிரிப்பர், ரப்பர் செடிக்கு 2, பீஸ் லில்லி இரண்டு, பெரணி இரண்டு, சிங்கோனியம் இரண்டுக்கும் ஆளுக்கு ஒன்று. மணி பிளான்ட் இரண்டுக்கும் சேர்த்து ஒரே டிரிப்பர், அதன் வாயில் ஒரு டீ போட்டு இரண்டாகப் பிரித்துவிட்டேன். மொத்தம் 12.

வீட்டில் இருந்த டைமர் வட்டமாகப் பல் வைத்தது. ஒரு பல்லுக்கு 15 நிமிடம், அதற்குக் குறைத்து வைக்க முடியாது. 15 நிமிடம் ஓடினால் ஒரு டிரிப்பருக்கு அரை லிட்டர், மொத்தம் 6 லிட்டர். நாலாவது நாள் கேன் காலி, அதற்குள் செடிகளும் மூழ்கியிருக்கும். போதாததற்குக் கரண்ட் போனால் அதன் கடிகாரமும் நின்றுவிடும். அதனால் டிஜிட்டல் டைமர் வாங்கினேன். நிமிடக் கணக்கில் வைக்கலாம், உள்ளே சின்ன பேட்டரி இருப்பதால் மின்தடையிலும் நேரம் மறக்காது.

டியூப் வெட்டப் பிளேடு அகப்படவில்லை. பிரெட் கத்தியால் அறுத்தேன். முதல் ஓட்டத்திலேயே ஒரு டீ தெறித்துத் திரைச்சீலை நனைந்தது. 12 டிரிப்பரும் சேர்ந்து நிமிடத்துக்கு 400 மில்லிதான் குடிக்கும். பம்ப் தள்ளுவதோ அதைப் போல இரண்டரை மடங்கு. மீதி எங்கே போகும்? ஆர்ஓ தம்பிக்குப் போன் போட்டேன். "மீதித் தண்ணிக்கு ஒரு வழி விடணும்க்கா" என்றார். பம்ப் வாயில் ஒரு டீ, அதிலிருந்து சின்ன வால்வு வைத்த குழாய், திரும்பவும் கேனுக்கே. வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, டீ தெறிக்காமலும் சொட்டு குறையாமலும் இருக்கிற இடத்தில் நிறுத்தினேன்.

அந்தத் திரும்பும் குழாயின் நுனியைக் கேனுக்குள் தண்ணீரில் முங்காமல் மேலேயே நிறுத்தியிருக்கிறேன். பம்ப் நின்றதும் அது வழியே காற்று புகுந்து இழுவையை அறுத்துவிடுகிறது. கேனும் இப்போது தரையில்.

சாயங்காலம் தம்ளர் சோதனை. 12 டிரிப்பருக்கும் அடியில் ஒவ்வொரு தம்ளர். வீட்டில் அத்தனை தம்ளர் இல்லை, டவராவும் வந்தது. 3 நிமிடம் ஓட்டினால் 85, 90, 88 என்று வந்தது. குழாய் நிரம்பவே கொஞ்ச நேரம் பிடிக்கிறது, அதனால் 4 நிமிடமாக ஆக்கினேன். இப்போது 110, 115. கடைசியில் இருக்கும் இரண்டாவது பெரணிக்கு மட்டும் 80. லைனின் கடைசி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டேன்.

ஏப்ரல் 30, புதன்

கேனில் என்ன தண்ணீர் நிரப்புவது? ஆர்ஓவில் வெளியேறும் தண்ணீர் வீணாகிறதே என்றார் அவர். மீட்டர் வைத்துப் பார்த்தேன். எங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, 940, ஆர்ஓ கழிவு 1600ஐத் தாண்டியது. அது தொட்டி மண்ணில் உப்பு ஏற்றும், டிரிப்பரின் மயிரிழை வழியையும் அடைக்கும். ஏசித் தண்ணீர் 18. சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? மூன்று ராத்திரியில் கேன் நிரம்பிவிட்டது.

மே 2, வெள்ளி

மாநகராட்சியிலிருந்து கொசுப் புழு பார்க்க வரும் அம்மா வந்தார். டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டை போடும், ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும். நாங்கள் இல்லாத பன்னிரண்டு நாள் அதற்குத் தாராளம். தொட்டித் தட்டு ஒவ்வொன்றையும் சாய்த்துப் பார்த்தார். ஆறு நாளாக ஓடியும் தட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. எனக்குப் பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது. கேன் மூடியில் குழாய் நுழையும் ஓட்டைச் சந்தைக் காட்டி, "இதுல துணி சுத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சுற்றினேன்.

நாளை ராத்திரி தாம்பரத்தில் ரயில். சாவியை அக்காவிடம் கொடுத்தாயிற்று. "எதையும் தொட வேண்டாம்க்கா, தானா ஓடும், தரையில தண்ணி நின்னா மட்டும் பிளக்கைப் புடுங்கிருங்க." அக்கா குழாய்களை மேலும் கீழும் பார்த்தார். "ஆஸ்பத்திரில டிரிப்ஸ் ஏத்தின மாதிரில்ல இருக்கு" என்றார்.

மே 4, ஞாயிறு

ஊர். இன்றைக்கு அக்னி நட்சத்திரம் ஆரம்பம். காலை 6 மணிக்கு ரயிலில் படுத்தபடி மனதுக்குள் நாலு நிமிடம் எண்ணினேன்.

மே 9, வெள்ளி

கொடை நல்லபடியாக முடிந்தது. தூக்கம் இன்னும் பாக்கி.

காலையில் மாமாவோடு தென்னந்தோப்பு. அங்கும் சொட்டு நீர்தான். சிறு, குறு விவசாயிகளுக்கு அரசு 100 சதவீத மானியம் தருகிறது, அதில் போட்டது. குழாயில் அங்கங்கே சைக்கிள் டியூப் கட்டு. அணில் கடித்த இடம். தாகத்துக்குக் கடிக்கிறதாம், பக்கத்தில் ஒரு சட்டியில் தண்ணீர் வைத்த பிறகு குறைந்ததாம். உப்பு அடைத்தால் ஆசிட் விட்டுக் கழுவுவார்களாம். என் ஹால் ஏற்பாட்டைப் படம் காட்டினேன். பொறுமையாகப் பார்த்துவிட்டு, "கடைசி மூடியத் தொறந்து விட்டியாம்மா?" என்றார். பாரிமுனைக் கடைக்காரர் ஞாபகம் வந்தது. பதில் சொல்லவில்லை.

சாயங்காலம் அத்தையோடு சிவன் கோயில். அக்னி நட்சத்திரத்துக்கு லிங்கத்தின் மேல் தாரா பாத்திரம் கட்டியிருந்தார்கள். செம்பின் அடியில் ஒரு துவாரம், அதில் செருகிய தர்ப்பையின் நுனியில் சொட்டு திரண்டு, ஒரு கணம் நின்று, விழுகிறது. விழுந்ததும் அடுத்தது திரள்கிறது. கும்பிட மறந்து எண்ணிக்கொண்டு நின்றேன். நிமிடத்துக்கு 40க்கு மேல். "ஏட்டி, சாமியப் பாக்கியா, செம்பப் பாக்கியா?" என்றார் அத்தை.

மே 11, ஞாயிறு

அக்காவுக்குப் போன். "எல்லாம் ஓடுதும்மா, நீ கவலப்படாத" என்றார். குரலில் ஏதோ ஒரு இழுப்பு. கேட்கவில்லை.

மே 15, வியாழன்

காலை ஏழேகாலுக்குக் கதவைத் திறந்தோம். தரை உலர்ந்திருந்தது. 6 மணி ஓட்டம் முடிந்து, அரேக்கா மண்ணில் மூன்று இடத்தில் ஈர வட்டம். பீஸ் லில்லி ஒன்றில் புது மொட்டு. சிங்கோனியம் இரண்டும் ஜன்னல் பக்கமாக ஒரு சாண் நீண்டிருந்தன. கேனில் 4 லிட்டருக்குக் கொஞ்சம் குறைய மிச்சம், கணக்கு ஏறக்குறைய சரி.

கடைசிப் பெரணியில் மட்டும் நுனிகள் பழுப்பு. ஆனால் மண் ஈரம். டிரிப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு பம்பை ஓட்டினால் ஒரு சொட்டு வரவில்லை. கழற்றி உதறியதில் கறுப்பாக, கடுகில் பாதி அளவு ஒரு துணுக்கு விழுந்தது. பிரெட் கத்தியால் அறுத்த டியூப்பின் தூள். அன்றைக்கு வந்த 80க்குக் காரணம் இதுதான். அழுத்தத்தைச் சமன் செய்கிற டிரிப்பரில் முதல் என்ன, கடைசி என்ன?

அப்படியானால் மண் எப்படி ஈரம்? தொட்டிக்குப் பின்னால் எங்கள் வீட்டுத் தம்ளர் ஒன்று, அடியில் கொஞ்சம் தண்ணீரோடு.

சாவி கொடுக்க வந்த அக்கா வாசலிலேயே நின்றார். "நீ தொடாதன்னு சொன்ன. அது ஒண்ணு மட்டும் வாடிட்டே போச்சும்மா, பாவமா இருந்துச்சு. தெனம் ஒரு தம்ளர், அதுக்கு மட்டும்தான். வேற எதுலயும் கை வைக்கல, சத்தியமா."

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் காபி போட்டேன். அவர் குடித்துக்கொண்டிருக்கும்போதே எண்ட் கேப்பைக் கழற்றி, முனையை ஒரு வாளிக்குள் விட்டு, பம்பை ஓட்டினேன். இன்னும் இரண்டு துணுக்கு வந்தது.