"என்ன பிள்ளை?" என்று கேட்டால்

பாம்பனோ தொண்டியோ கீழக்கரையோ, பிரசவ அறை வாசலில் நிற்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பிறப்புறுப்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று தெரியாதபோது ஊகமாக ஒன்றைச் சொல்லிவிடாதீர்கள். மாற்றிச் சொல்ல நேர்ந்தால் அந்தக் குடும்பம் தாங்காது. "பாப்பா நல்லா இருக்கும்மா, ரத்தம் பார்த்துட்டுச் சொல்றோம்" போதும். பிறப்பைப் பதிய 21 நாள் அவகாசம் உண்டு.

கைப் பரிசோதனையை அவசரமாக முடிக்காதீர்கள். கையைச் சூடாக்கி, விரலில் சோப்புத் தண்ணீர் தொட்டு, இடுப்பெலும்பின் முனையிலிருந்து தொடையிடுக்கு வழியே கீழே தடவி வாருங்கள். விதை இருந்தால் பட்டாணி போல வழுக்கும். தட்டுப்படும் சுரப்பி பெரும்பாலும் விதைதான். சினைப்பை அவ்வளவு கீழே இறங்குவது அபூர்வம். குறியை இழுத்துப் பிடித்து, ஸ்கேல் எலும்பில் முட்டும்வரை அழுத்தி அளக்க வேண்டும்; நிறைமாதப் பிள்ளைக்கு 2.5 செ.மீ.க்குக் கீழே என்றால் சிறியது. அழுத்தாமல் அளந்தால் கொழுப்பு கொஞ்சத்தை மறைத்துவிடும். மூத்திரம் எந்தத் துவாரத்தில் வருகிறது என்பதைப் போகும்போதே பாருங்கள்.

பார்க்க ஆண் பிள்ளை, ஆனால் இரண்டு பக்கமும் விதை தட்டுப்படவில்லையா? இல்லையென்று நிரூபணமாகும்வரை அட்ரினல் (சிறுநீரகத்தின் மேலே இருக்கும்) சுரப்பிக் கோளாறு என்றே நடத்துங்கள். 21-ஹைட்ராக்சிலேஸ் நொதி குறைவதால் ஆண் ஹார்மோன் கூடி, கருப்பை உள்ள பெண் பிள்ளை ஆண் போலத் தெரியும். இதில் பலருக்கு உடம்பில் உப்பு நிற்காது. முதல் சில நாள் நன்றாகப் பால் குடிக்கும். வாந்தியும் எடைக் குறைவும் மயக்கமும் பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில் வரும். மூன்றாம் நாளே அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவதுதான் நம் பக்கத்துப் பெரிய ஆபத்து. ரத்தம் சீராக இருக்கிறதென்று தெரியும்வரை வார்டிலேயே வைத்து, தினமும் எடை பார்த்து, சோடியம், பொட்டாசியம், சர்க்கரை பாருங்கள்.

இந்த நொதி குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹார்மோனான 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோனுக்கான ரத்தத்தை, பிறந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு எடுங்கள். அதற்கு முன் எல்லாப் பிள்ளைக்கும் கூடுதலாகவே இருக்கும். கூடவே குரோமோசோம் சோதனை, கருப்பைக்கு ஸ்கேன். மதுரைக்கு அனுப்புவதானால் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் மேலே நிற்கும் தெளிந்த நீரை) பிரித்த பிறகுதான் ஐஸ் பெட்டி. பிரிக்காத ரத்தத்தை ஐஸில் வைத்தால் பொட்டாசியம் பொய்யாக ஏறும். குதிகாலைப் பிழிந்து எடுத்தாலும் அப்படித்தான்.

பிள்ளை துவண்டுவிட்டால் முடிவுக்குக் காத்திருக்காதீர்கள். மாதிரி எடுத்து வைத்துவிட்டு, கிலோவுக்கு 20 மி.லி. நார்மல் சலைன், மொத்தமாக (கிலோவுக்கு அல்ல) 25 மி.கி. ஹைட்ரோகார்டிசோன் ஊசி. பிறகு உடம்பில் உப்பை நிறுத்தும் ஃப்ளூட்ரோகார்டிசோன் மருந்தும் நாளுக்கு 1 முதல் 2 கிராம் உப்பும், பாலோடு பிரித்து. உப்பை எடைபோட்டே கொடுத்தனுப்புங்கள். ஒரு டீஸ்பூனே 5 கிராமுக்கு மேல் வரும்.

அறுவை சிகிச்சைக்கு உறவுக்காரர்கள் நெருக்குவார்கள். 2019-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் தீர்ப்பை ஒட்டி, உயிருக்கு ஆபத்து இல்லாத நிலையில் இடைபால் (ஆண், பெண் என்று தெளிவாகப் பிரிக்க முடியாத உடலமைப்புள்ள) குழந்தைகளுக்குப் பாலினத்தைத் திருத்தும் அறுவையைத் தமிழக அரசு தடை செய்திருக்கிறது. இதைப் பெற்றோரிடம் தனியாக உட்கார்ந்து சொல்லுங்கள். அட்ரினல் கோளாறு உறுதியானால், அடுத்த பிள்ளைக்கும் 4-இல் 1 வாய்ப்பு உண்டு என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். மாமன் மகள், அத்தை மகன் கட்டிய வீடுகளில் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளையும் விசாரியுங்கள்.