‘வெளியிடப்படவில்லை’ என்று எழுதிய வேலை

பழைய ஒலிநாடாக்களைக் கணினிக் கோப்புகளாக மாற்றும் அறையொன்றில் சில ஆண்டுகள் பணியாற்றினேன். ஒவ்வொரு நாடாப் பெட்டிக்கும் ஒரு பதிவுத்தாள் எழுத வேண்டும். பாடியவர் பெயர், பதிவான தேதி, நாடா ஓடும் வேகம், பூஞ்சை படிந்திருக்கிறதா என்பதையெல்லாம் நிரப்பிய பிறகு, கடைசிக் கட்டத்தில் அந்தப் பதிவு எந்த இசைத்தட்டாக வந்தது என்று குறிக்க வேண்டும். தட்டாக வராதவற்றுக்கு ‘வெளியிடப்படவில்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த பெட்டியை எடுப்பேன். அந்தச் சொல்லைப் பற்றி என்னை யோசிக்க வைத்தவர், அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் வளர்ந்த, கறுப்பின மக்களின் சோல் இசையைப் பாடும் பெட்டி லவெட். பெட்டிகளோடு மாரடித்தவனுக்கு வாய்த்த பெயரைப் பாருங்கள்!

அவருடைய ‘ஐ’வ் காட் மை ஓன் ஹெல் டு ரெய்ஸ்’ தொகுப்பை மூத்த பொறியாளர் ஒருவர் உணவு இடைவேளையில் ஒலிக்கவிட்டார். ஜோ ஹென்றி தயாரித்து 2005இல் வெளிவந்த அந்தத் தொகுப்பின் பத்துப் பாடல்களும் பெண்கள் எழுதியவை. முதல் பாட்டு ஐரிஷ் பாடகி ஷினேட் ஓ’கானருடையது. அதில் ஒரு வாத்தியமும் இல்லை. 59 வயதுக் குரல் ஒன்று, எந்தத் துணையுமின்றி, எனக்குக் கிடைக்காதது எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் கச்சேரியைத் தொடங்குகிறது. விமர்சகர்கள் பலரும் அதை மறுவருகை என்றே எழுதினார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன், அவருடைய பதிவுகளின் வரலாற்றைத் தேடிப் படிக்கும் வரை.

லவெட் 1962இல், 16 வயதில் பாடி, அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட முதல் தட்டே ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் புளூஸ்) விற்பனைப் பட்டியலில் ஏழாம் இடம் வரை ஏறியது. பத்தாண்டுகள் கழித்து அதே நிறுவனத்துக்காக அலபாமாவின் மசல் ஷோல்ஸ் பகுதியில், அன்று அமெரிக்காவே தேடிப்போன வாத்தியக்காரர்களுடன் ஒரு முழுத் தொகுப்பைப் பாடி முடித்தார். ஓரிரு பாட்டுகள் சிறு தட்டுகளாக வந்தன. தொகுப்பை நிறுவனம் கிடப்பில் போட்டது. 1982இல் மோட்டவுன் என்ற இசைத்தட்டு நிறுவனம் அவருடைய வேறொரு தொகுப்பை வெளியிட்டபோதுதான், முதல் தட்டுக்கு இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, அவர் பெயரில் ஒரு நெடுந்தட்டு கடைக்கு வந்தது. மசல் ஷோல்ஸ் நாடாக்களோ 2000இல் ழில் பெத்தார் என்ற பிரெஞ்சு இசைச் சேகரிப்பாளரின் முயற்சியால் ‘சூவனீர்ஸ்’ என்ற பெயரில் பிரான்சில் வெளிவந்தன. இருபத்தெட்டு ஆண்டுகள்! இவ்வளவு காலமும் அவர் வாய்மூடி இருந்தாரா என்றால், இல்லை. ‘பப்ளிங் பிரவுன் சுகர்’ இசை நாடகத்தோடு ஊர் ஊராகச் சென்றார். டெட்ராய்ட்டின் சிறு மதுவிடுதிகளில் பாடினார்.

இதை என் வேலையோடு பொருத்திப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தயாரான பல நாடாக்களில், காந்தத் தூளைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போகும். அப்படியே ஓட்டினால் தூள் உரிந்து, நாடாவைப் படிக்கும் ஹெட்டில் அப்பிக்கொள்ளும், கீச்சென்று கத்தும், நாடா நின்றுவிடும். ஆகவே ஐம்பது டிகிரியைச் சற்றே தாண்டிய சூட்டில் மணிக்கணக்கில் வைத்துப் பதமாக உலர்த்தி, ஆறவிட்டு, மறுபடி ஈரம் ஏறுவதற்குள் ஓட்டி எடுக்க வேண்டும். ஐப்பசி மழையில் சென்னையில் அது ஒரு பந்தயம். ஓடத் தொடங்கியதும் முதலில் பொறியாளர் டேக் எண்ணை, அதாவது இது எத்தனையாவது முறை என்பதை, சொல்வது கேட்கும். யாரோ நாற்காலியை இழுப்பார்கள். பாடுபவர் தொண்டையைக் கனைத்துக்கொள்வார். பிறகு பாட்டு. அது வெளிவரப் போவதில்லை என்பது அந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது. கிடப்பில் போடப்பட்டதன் அடையாளம் நாடாவில் எங்குமே இருக்காது, எவ்வளவு கூர்ந்து கேட்டாலும்.

ஒருமுறை இப்படி மீட்ட சுருள் ஒன்றின் பாடகியைத் தேடிப்பிடித்து அழைத்து வந்தோம். வெளியீட்டுக்கான சிறு குறிப்பை எழுதும் பொறுப்பு என்னுடையது. ‘நீண்ட மௌனத்துக்குப் பின்’ என்று தொடங்கியிருந்தேன். அந்த வரியில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அந்த அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். “மௌனமா? போன வாரம் கூட கோயில் திருவிழாவுல விடிய விடியப் பாடிட்டுத்தான் தம்பி வந்தேன். நீங்க கேக்கலைன்னு எழுதுங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, பிழை திருத்துவது போலத்தான் சொன்னார். நான் அந்த வரியை அடித்தேன்.

அதன் பிறகு லவெட்டின் 1972 பதிவையும் 2005 தொகுப்பையும் அடுத்தடுத்துக் கேட்டேன். முதலாவதில் குரல் வயலின்களுக்கும் ஊதுகருவிகளுக்கும் ஈடுகொடுத்து ஓடுகிறது. ஒவ்வோர் ஏற்றத்தையும் அது எட்டிப் பிடிக்கிறது. இரண்டாவதில் அது ஓடுவதில்லை. சொல்லைப் பாதியில் நிறுத்துகிறது, டிரம்மும் கிதாரும் காத்திருக்கின்றன. அதே தொகுப்பில் உள்ள, பாடகி லூசிண்டா வில்லியம்ஸின் ‘ஜாய்’ பாட்டில், தொலைந்த மகிழ்ச்சியைத் தேடி ஒருத்தி வெஸ்ட் மெம்பிஸுக்கும் ஸ்லைடெல்லுக்கும் போவாள். லவெட் அந்த ஊர்ப் பெயர்களை எடுத்துவிட்டு டெட்ராய்ட்டையும் மசல் ஷோல்ஸையும் வைத்தார். வேறொருவரின் பாட்டைத் தன் வழக்கு மனுவாக மாற்ற அவருக்குச் சில ஊர்ப் பெயர்கள் போதுமானவையாக இருந்தன. முப்பது ஆண்டுகள் விடுதிகளில், குடித்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருப்பவர்களின் காதைத் திருப்பப் பழகிய ஒருவருக்குத்தான் இந்தச் சிக்கனம் கைவரும் என்பது என் கணிப்பு. மறுவருகை என்று சொன்னால் அந்த முப்பது ஆண்டு உழைப்பு கணக்கில் வராமல் போய்விடுகிறது.

2007இல் வெளிவந்த அடுத்த தொகுப்பை அவர் மசல் ஷோல்ஸுக்கே திரும்பிப் போய், ஃபேம் ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடினார். 1972இல் பாடிய கூடம் வேறு என்றாலும் ஊர்ப்பக்கம் அதுவே. தொகுப்புக்கு வைத்த பெயர் ‘தி சீன் ஆஃப் தி கிரைம்’, குற்றம் நடந்த இடம்! உடன் வாசித்த டிரைவ்-பை டிரக்கர்ஸ் ராக் இசைக்குழுவின் பேட்டர்சன் ஹூட், 1972 பதிவில் பேஸ் கிதார் வாசித்த டேவிட் ஹூட்டின் மகன். தந்தையும் வந்து வாசித்தார். பணம் வருவதற்கு முந்தைய நாட்களைப் பற்றி மகனோடு சேர்ந்து லவெட் எழுதிய பாட்டும் அதில் உண்டு.

அதன்பின் என் பதிவுத்தாளில் ‘வெளியிடப்படவில்லை’ என்பதற்குக் கீழே இன்னொரு வரி சேர்த்துக்கொண்டேன்: யார் முடிவு, எந்தத் தேதி. அதிகாரி ஆட்சேபிக்கவில்லை. பெட்டிக்குள் ஒரு கடிதமோ துண்டுச்சீட்டோ கிடைத்தால் பார்த்து எழுதுவேன். பெரும்பாலும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் ஒட்டுப்போட்ட நாடாத் துணுக்குகளும்தான் கிடைக்கும். அந்த வரியைப் பென்சிலால் கோடிட்டுக் காலியாக விட்டுவிடுவேன்.