தசையோடு நிற்காத நோய்
அக்கா மகனுக்கு டுஷேன் தசைச்சிதைவு; தசைகள் வருடாவருடம் பலவீனமாகும் மரபணு நோய். கோத்தகிரி ஏற்றத்தில் அவனைச் சுமந்து நடப்பதுகூட எனக்குப் பெரிதில்லை. பள்ளியில் அவனைச் சோம்பேறி என்றார்களே, அதுதான் தாங்கவில்லை.

இந்த நோயில் தசையில் இல்லாமல் போவது டிஸ்ட்ரோபின் என்ற புரதம். 1987-இல் கண்டறியப்பட்ட அது தசைக்கு மட்டும் உரியதல்ல. டிபி140, டிபி71 என்ற அதன் குட்டை வடிவங்கள் மூளையிலும் உருவாகின்றன. இந்தப் புரதத்துக்கான மரபணுவில் 79 எக்ஸான்கள், அதாவது புரதம் செய்யும் குறிப்பைத் தாங்கிய துண்டுகள். பிழை பின்பகுதியில் இருந்தால் அந்தக் குட்டை வடிவங்களும் கெடலாம், கற்றல் சிரமம் கூடும். ஆனால் தசையைப் போல மூளை வருடாவருடம் தேய்வதில்லை. இதை எல்லாரிடமும் சொல்கிறேன்.

காதில் விழுந்ததை மனத்தில் பிடித்துவைப்பதுதான் இந்த நோயுள்ள பல பையன்களுக்குக் கஷ்டம். "பையைத் திற, கணக்கு நோட்டை எடு, தேதி போடு" என்று ஒரே மூச்சில் சொன்னால் இவன் பையோடு நின்றுவிடுவான். ஒவ்வொன்றாகச் சொன்னால் சரியாக முடிக்கிறான். மரபணு அறிக்கை கையில் இருந்தால், டாக்டரிடம் படிப்பைப் பற்றியும் கேளுங்கள்.