பல்டி அடிப்பது கிக்கரின் வேலை

ஸ்கீயோடு பனிமேட்டிலிருந்து எகிறி காற்றில் பல்டி அடிக்கும் விளையாட்டு ஏரியல்ஸ். அதன் பயிற்சிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. பனிச்சறுக்கிலேயே வளர்ந்தவர்களுக்குத் தலைகீழாகப் போவதில் பயம். ஜிம்னாஸ்டிக்ஸிலிருந்து வருகிறவர்களுக்குத் தலைகீழ் பழகிப்போனது, சறுக்கத்தான் தெரியாது. ஆஸ்திரேலியா இந்த இரண்டாம் வகையினரைத் தேடிப் பிடித்தே ஒரு அணியை வளர்த்தது. 2002-இல் சால்ட் லேக் சிட்டியில் அலிசா கேம்ப்ளின், 2010-இல் வான்கூவரில் லிடியா லசிலா என இரண்டு ஒலிம்பிக் தங்கங்களும் வந்தன. இருவரும் முன்னாள் ஜிம்னாஸ்ட்கள். ஆனாலும் முதல் பின்பல்டியைக் கற்றுத்தரும்போது பயிற்சியாளருக்கு அதிக வேலை வைப்பது, பல்டி தெரிந்து வருகிறவர்கள்தான்.

காரணம் எளிது. தரையில் பின்பல்டி அடிப்பவர் சுழற்சியைத் தானே உண்டாக்க வேண்டும்: காலை உதைத்து, கையை வீசி, முழங்காலை இழுத்து 360 டிகிரி சுழல வேண்டும். பனியில் அப்படியில்லை. கிக்கர் என்கிற அந்த வளைந்த பனிமேட்டில் ஏறும்போதே உடல் பின்னோக்கிச் சுழலத் தொடங்கிவிடுகிறது. சிங்கிள் கிக்கரின், அதாவது ஒற்றைப் பல்டிக்கான கிக்கரின், விளிம்பு நன்றாகவே நிமிர்ந்திருக்கும். இறங்கும் சரிவு சுமார் 37 டிகிரி கீழ்நோக்கிப் போகும். இரண்டையும் 360-இலிருந்து கழித்தால் காற்றில் சுழல வேண்டியது முழுச் சுற்றைவிட நன்றாகவே குறைவு. அதில் பெரும்பங்கை வளைவே கொடுத்துவிடுகிறது. அதன்மேல் ஜிம்னாஸ்ட் தன் பழைய வீச்சையும் சேர்த்தால் சுழற்சி மிஞ்சி, முதுகு தரையில் விழும்.

ஆகவே முதல் பாடம் நிற்பது. கணுக்கால் மடங்கி, கணைக்காலின் முன்னெலும்பு பூட்ஸின் முன்நாக்கில் அழுந்தி, இடுப்பு பாதத்துக்கு நேர் மேலே இருக்க வேண்டும். வளைவில் ஏறும்போது உடல் எடை பல மடங்கானதுபோல் அழுத்தும். அப்போது முழங்கால் மடங்கினால் இடுப்பு பின்னால் போகும். பிறகு உயரமும் கிடைக்காது, சுழற்சியும் கட்டுக்குள் நிற்காது. கைகள் வளைவில் உயரத் தொடங்கி, விளிம்பை விடும்போது தலைக்கு மேல் நீண்டிருக்க வேண்டும். காற்றில் ஏறியபின் மெதுவாகப் பக்கவாட்டில் விரியும். கண் எதிரே வானத்தைப் பார்க்கட்டும், தலையை மட்டும் வீசக் கூடாது. தலை போனால் முதுகு வளையும், முதுகு வளைந்தால் இடுப்பு முன்னே தள்ளும். விளிம்பில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றுதான் என்பது எங்கள் கணிப்பு. உடல் தலைகீழான பிறகுதான் தலையைச் சாய்த்து இறங்கும் சரிவைத் தேட வேண்டும்.

டிராம்போலினில் இடுப்புப் பட்டையும் இழுவைக் கயிறுகளும் கட்டி இதைப் பழக்குவார்கள். உடலை நேராக வைத்திருக்கும் உணர்வுக்கு அது போதும். ஆனால் டிராம்போலின் மேலே எறியும், கிக்கர் முன்னேயும் எறியும். ஒன்றை வைத்து மற்றதை மதிப்பிடாதீர்கள்.

உண்மையான பள்ளிக்கூடம் நீர்ச்சரிவு. யூட்டாவின் பார்க் சிட்டி, நியூயார்க் மாநிலத்தின் லேக் பிளாசிட், சுவிட்சர்லாந்தின் மெட்மென்ஸ்டெட்டன், பிரிஸ்பேன் என இப்போது பல இடங்களில் இருக்கிறது. பிளாஸ்டிக் தூரிகைபோன்ற தளத்தில் நீர் தெளித்தபடி இருக்கும். அதில் சறுக்கி, கிக்கரில் ஏறி, குளத்தில் விழுவார்கள். இறங்கும் நேரத்தில் குளத்தின் அடியிலிருந்து அழுத்தக் காற்றைத் திறந்துவிட்டால் நீர் நுரைத்து மென்மையாகும். காற்றைத் திறக்க மறந்தால் நீரும் சிமெண்ட்தான். வெட்சூட், மிதவைச் சட்டை, ஹெல்மெட் மூன்றும் கட்டாயம். பழைய ஸ்கீயையே கொண்டுவாருங்கள். நீரில் ஊறி அது எப்படியும் கெடும். பூட்ஸுக்குள் தண்ணீர் நிறைந்த நிலையில், ஸ்கீயைக் கழற்றாமல் மல்லாந்து உதைத்துக் கரைசேர்வதுதான் புதியவர்களை அதிகம் களைக்க வைக்கும். களைத்த காலோடு தாவினால் வளைவில் முழங்கால் மடங்கும். இரண்டு தாவல் தொடர்ந்து தாழ்ந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுவது நல்லது.

நீருக்கு வேறொரு கெட்ட குணம் உண்டு: எதையும் மன்னித்துவிடும். கொஞ்சம் பின்னால் சாய்ந்து விழுந்தாலும் வலிக்காது. அதே கோணம் பனியில் ஸ்கீயின் வாலைத் தட்டி, ஆளை முதுகில் கிடத்தும். சுழற்சி குறைந்தால் நேர்மாறு: ஸ்கீ நுனி பனியில் குத்தி நெஞ்சு முன்னே விழும். அதனால் குளத்திலேயே வீடியோ எடுத்து, ஸ்கீ நீரைத் தொட்ட கணத்தில் நிறுத்திப் பார்க்கிறோம். நீர் தெறித்த அழகைப் பார்த்து யாருக்கும் அனுமதி தருவதில்லை.

சுழற்சியைக் காற்றில் ஓரளவு சரிசெய்யலாம். மெதுவாகச் சுழன்றால் கையை இறக்கி முழங்காலைச் சற்று மடக்க வேண்டும். வேகமாகச் சுழன்றால் கையை மேலே நீட்டி உடலை நீளமாக்க வேண்டும். இரண்டு நொடிக்கும் குறைவான நேரத்தில் தாவுகிறவர் இதை முடிவெடுக்க மாட்டார். பக்கத்தில் நிற்கும் பயிற்சியாளர்தான் ‘நீட்டு’, ‘இழு’ என்று கத்துவார். ஒரு சொல்லுக்கு மேல் காதில் விழாது.

பனிக்குப் போன முதல் நாள் யாரும் தலைகீழாகப் போவதில்லை. முதலில் கிக்கருக்குப் பக்கத்தில் சறுக்கி வேகம் பார்க்க வேண்டும், பிறகு நிமிர்ந்த தாவல்கள். சிங்கிளுக்கு மணிக்கு சுமார் 50 கி.மீ. வேகம் வேண்டியிருக்கும். அது குறைந்தால் கிக்கருக்கும் சரிவுக்கும் இடையிலுள்ள சமதளத்தில் விழ நேரும். இந்த விளையாட்டில் நாங்கள் மிகவும் அஞ்சும் இடம் அதுதான். காலையில் உறைந்த பாதை வேகமாக இருக்கும், வெயில் ஏறினால் இழுக்கும், எதிர்காற்று இன்னும் பிடிக்கும். எனவே புறப்படும் குறியை ஓரிரு மீட்டர் மேலும் கீழும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கிக்கரில் தடம் குழிந்திருந்தால் ஒரு கால் முந்தி எகிறும். சீவி ஒழுங்காக்கும்வரை காத்திருங்கள். இறங்கும் சரிவை மண்வெட்டியால் கொத்திப் பொலபொலவென்று வைக்க வேண்டும். இறுகிக் கிடந்தால் முதலில் போவது முழங்கால் தசைநார்.

லே எனப்படும் இந்த நேருடல் பல்டி நான்கைந்து நாள் ஒரே மாதிரி வந்ததும் எல்லோரும் திருகலை, அதாவது பல்டிக்குள் உடலைப் பக்கவாட்டில் சுழற்றுவதை, சேர்க்கத் துடிப்பார்கள். ஆனால் போட்டியில் மதிப்பெண்ணில் பாதி உடலின் வடிவத்துக்கு, 30 விழுக்காடு இறக்கத்துக்கு, மீதி 20 எழும்பலுக்கு. லேயில் ஒரு தோள் லேசாகச் சாய்ந்து இறங்குகிறவர் திருகல் போட்டால் அந்தச் சாய்வு இரட்டிப்பாகும். அப்படி இருப்பவரை, பருவத்தின் நடுவில் இருந்தாலும், டிராம்போலினுக்குத் திருப்பி அனுப்புவதே வழக்கம்.