சொல்லிவிட்டு நிறுத்தலாமே

ஒரு வீட்டில் பல ஆண்டுகளாகப் புழங்கிவந்த சோப்போ சலவைத்தூளோ பற்பசையோ கடையில் கிடைக்காமல் போனால், சரக்கு வந்து சேரவில்லை போலும் என்றுதான் வாங்குபவர் முதலில் நினைக்கிறார். அடுத்த முறை போகும்போது கேட்கிறார், பிறகு வேறு கடையில் விசாரிக்கிறார். இப்படி மாதக்கணக்கில் அலைந்த பிறகு, கம்பெனியே நிறுத்திவிட்டதாம் என்று யாரோ சொல்லித்தான் அவருக்கு விஷயம் தெரியவருகிறது. அறிமுகமான காலத்தில் ஓயாத விளம்பரங்களோடு வீட்டுக்குள் வந்த ஒரு பொருள், வெளியேறும்போது அதைப் பயன்படுத்தியவர்களுக்கு ஒரு வரி அறிவிப்புகூட இல்லாமல் போவது முறையல்ல என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நிறுத்துவதே தவறு என்று நான் சொல்லவில்லை. 2014 ஆகஸ்டில் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் தலைவர் ஏ. ஜி. லாஃப்லி, தொண்ணூறிலிருந்து நூறு பிராண்டுகள் வரை கைவிடப் போவதாக அறிவித்தபோது, எஞ்சப்போகும் எழுபது எண்பது பிராண்டுகளே நிறுவனத்தின் விற்பனையில் 90 சதவீதத்தையும் லாபத்தில் 95 சதவீதத்துக்கும் மேலாகவும் ஈட்டித் தருகின்றன என்று விளக்கினார். நூறு பெயர்கள் சேர்ந்தும் லாபத்தில் இருபதில் ஒரு பங்கைக்கூடத் தரவில்லை என்றால், அவற்றைத் தாங்கி நிற்கும் செலவை எந்த நிர்வாகமும் கணக்குப் பார்க்கத்தான் செய்யும். அந்தச் செலவின் பெரும்பகுதி வாங்குபவர் கண்ணில் படுவதில்லை. ஒரே கலவைத் தொட்டியில் ஒரு ஷாம்புவைத் தயாரித்த பின் இன்னொன்றைத் தயாரிக்க வேண்டுமானால் தொட்டியையும் குழாய்களையும் முழுவதுமாகக் கழுவியாக வேண்டும். அதுவரை அந்த இயந்திரத்தில் உற்பத்தி நடக்காது. புட்டி, மூடி, லேபிள், வாசனைக் கலவை என ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்ச கொள்முதல் அளவு இருக்கிறது. குறைவாக விற்கும் பொருளுக்கு இந்தச் செலவெல்லாம் ஒரு புட்டிக்கு அதிகமாகவே விழும்.

ஆனால் பெயர்களைக் குறைத்த மாத்திரத்தில் வளர்ச்சி வந்துவிடும் என்ற நம்பிக்கையை ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. யூனிலீவர் 1999-ல் தன்னிடமிருந்த சுமார் 1,600 பிராண்டுகளை 400 ஆகச் சுருக்கும் திட்டத்தை அறிவித்தது. ஐந்து ஆண்டுகளில் அந்த வேலை பெருமளவு முடிந்தும், எதிர்பார்த்த விற்பனை வளர்ச்சி கிட்டவில்லை. 2004 செப்டம்பரில் லாபம் எதிர்பார்த்ததைவிடக் குறையும் என்று பங்குதாரர்களை எச்சரிக்க வேண்டிய நிலைக்கு அந்நிறுவனம் வந்தது. இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். என்றாலும் சிறிய பெயர் ஒன்றை நிறுத்தினால் அதன் வாடிக்கையாளர் அதே நிறுவனத்தின் பெரிய பெயருக்குத் தாமாக வந்துவிடுவார் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஏமாற்றம் அடைந்தவர் போட்டி நிறுவனத்தின் பொருளைத் தேடிப்போவதும் இயல்பே.

பொருள் நின்றுபோவதால் சிலருக்கு ஏற்படுவது ஏமாற்றம் மட்டுமல்ல, உண்மையான சிரமம். என் தாயாருக்குப் பார்வை மங்கத் தொடங்கிய பிறகு, குளியலறையில் எது ஷாம்பு, எது உடல் கழுவும் திரவம் என்பதை விரல்களால்தான் அறிந்துவந்தார். அவர் பயன்படுத்திய ஷாம்பு புட்டியின் கழுத்துக்குக் கீழே இடுப்புபோல ஒரு குறுகல் இருந்தது. கட்டைவிரல் அங்கே பொருந்தியதுமே அவர் வேறு எதையும் தொடாமல் மூடியைத் திறந்துவிடுவார். அந்தப் பொருள் நிறுத்தப்பட்ட பிறகு வாங்கிய இரண்டு புட்டிகளும் ஒரே உருளை வடிவில் இருந்தன. ஒன்றின் மேல் ரப்பர் வளையம் மாட்டித்தான் அவருக்கு அடையாளம் காட்ட முடிந்தது. இந்தத் தேவையை நிறுவனங்கள் அறியாதவையல்ல. ஜப்பானின் காவோ நிறுவனம் 1991-ல் ஷாம்பு புட்டியின் பக்கவாட்டில் வரிவரியான மேடுகளை அமைத்து, கண் மூடியிருந்தாலும் தொட்டு அறிய வழிசெய்ததோடு, பிற நிறுவனங்களும் அதையே பின்பற்ற இடமளித்தது. இவ்வளவு நுட்பமாகப் பயனரை நினைக்கத் தெரிந்த ஒரு துறைக்கு, விடைபெறும்போது மட்டும் அவரை நினைக்கத் தெரியாதா?

தோல் ஒவ்வாமை உள்ளவரின் நிலை இன்னும் கடினம். பல சோப்புகளைப் பயன்படுத்திப் பார்த்து, தடிப்பும் அரிப்பும் வராத ஒன்றைக் கண்டுபிடித்திருப்பார். அது நின்றுவிட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். லேபிளைப் படித்து இணையான பொருளைத் தேடலாம் என்றால், வாசனைக் கலவையில் உள்ள பல சேர்மங்களை ‘வாசனைப் பொருள்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிட விதிகள் பல நாடுகளில் அனுமதிக்கின்றன. உறுத்தியது எது என்று தெரியாத ஒருவருக்கு அந்த ஒற்றைச் சொல் எந்த வகையிலும் உதவாது.

2016-ல் பிரிட்டனில் நடந்த ஒன்றை இங்கே நினைவுகூர வேண்டும். ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவன், குழந்தைகளுக்கான பொருள்களைச் செய்யும் டாமி டிப்பி நிறுவனம் தயாரிப்பதை நிறுத்தியிருந்த ஒரு நீலநிறக் குவளையைத் தவிர வேறு எதிலும் குடிக்க மறுத்தான். அவனுடைய தந்தை இணையத்தில் உதவி கேட்டார். நிறுவனம் பழைய வார்ப்பச்சைத் தேடியெடுத்து, அவனுக்காகவே 500 குவளைகளைச் செய்துகொடுக்க முன்வந்தது. எல்லோருக்கும் இப்படிச் செய்ய முடியாது என்பது உண்மைதான். ஆனால் நிறுத்திய பொருளின் வார்ப்பச்சும் செய்முறையும் பெரும்பாலும் நிறுவனத்திடமே இருக்கின்றன. கேட்பவர் யார், ஏன் கேட்கிறார் என்று தெரிந்தால் ஏதேனும் வழிகாண முடியும் என்பதை அது காட்டியது.

கைவிடப்படும் எல்லாப் பெயர்களும் அழிந்துபோவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1926-ல் அறிமுகமான கேமே சோப்பை பிராக்டர் அண்ட் கேம்பிள் யூனிலீவருக்கு விற்றது. டியூராசெல் மின்கலங்கள் முதலீட்டு நிறுவனமான பெர்க்‌ஷயர் ஹாத்வேயின் கைக்குப் போயின. 41 அழகுப்பொருள் பிராண்டுகள் 2016-ல் கோட்டி என்ற நிறுவனத்திடம் சேர்ந்தன. வாங்குபவரைப் பொறுத்தவரை இதுவே நல்ல முடிவு. பெயரைத் தானும் பயன்படுத்தாமல், இன்னொருவருக்கும் தராமல் வைத்திருப்பதுதான் எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. வணிகச்சின்னச் சட்டங்கள் இதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கின்றன: உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை குறித்த டிரிப்ஸ் உடன்படிக்கைப்படி, தொடர்ந்து மூன்று ஆண்டுகளாவது பயன்படுத்தாமல் இருந்தால்தான் அந்தக் காரணத்துக்காகப் பதிவை நீக்கலாம், ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தக் காலம் ஐந்து ஆண்டுகள். சிறிய தயாரிப்பாளர் ஒருவர் அந்தப் பொருளைத் தொடர விரும்பினாலும் அவ்வளவு காலம் காத்திருந்தால், அதற்குள் வாடிக்கையாளர்கள் கலைந்துவிடுவார்கள்.

முன்னறிவிப்பு என்பது புதிய யோசனையும் அல்ல. விண்டோஸ் எக்ஸ்பி என்ற கணினி இயங்குதளத்துக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் முடியும் என்பதை மைக்ரோசாஃப்ட் பல ஆண்டுகளுக்கு முன்பே வெளியிட்டிருந்தது. உயிர்காக்கும் மருந்துகளின் உற்பத்தியை நிறுத்துவதென்றால் ஆறு மாதங்களுக்கு முன்பே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் கேட்கிறது. சோப்பு மருந்தல்ல, அதற்குச் சட்டம் வேண்டும் என்றும் நான் கோரவில்லை. கடைசித் தொகுதிகளின் உறையிலேயே, இந்தப் பொருள் இன்ன மாதத்தோடு நிறுத்தப்படுகிறது, இதற்கு மிக நெருக்கமான எங்கள் பொருள் இது, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இன்னது என்று அச்சிட்டால் போதும். வேறு நிறுவனத்துக்கு விற்றிருந்தால் அதன் பெயரையும் சேர்க்கலாம். நிறுத்துவது என்ற முடிவு பல மாதங்களுக்கு முன்பே எடுக்கப்படுகிறது. கையிருப்பு உறைகள் தீரும்வரை உற்பத்தி நடப்பதும் உண்டு. சிறப்புச் சலுகை என்றால் ஒரே வாரத்தில் உறைமேல் ஒட்டுத்தாள் ஒட்டத் தெரிந்தவர்களுக்கு, இந்த மூன்று வரிகளை ஒட்டுவதும் எளிதே.