மூண்டு மொழிக் கடையும் ஒரு டெம்ப்ளேட்டும்

கொழும்பு வெள்ளவத்தையில எங்கட மாமாவின்ட புடவைக்கடைக்கு சைட் செய்து தாறன் எண்டு வாயக் குடுத்து மாட்டிட்டன். சிங்களம், தமிழ், இங்கிலிஷ் மூண்டும் வேணுமாம். முதல்ல வெறும் பிஎச்பியில (சேர்வரில ஓடுற வெப் மொழி) 14 பக்கத்துக்கும் மும்மூண்டு ஃபைல் எழுதி வச்சன், கடை ஃபோன் நம்பர் மாறின அண்டைக்கு 42 ஃபைலத் திறந்து திறந்து மாத்தினன், அதோட போதும் எண்டு ஒரு டெம்ப்ளேட் எஞ்சின் (பொது அமைப்ப ஒருக்கா எழுதி எல்லாப் பக்கத்துக்கும் பாவிக்க விடுற கருவி) தேடத் தொடங்கினன்.

பக் (Pug) எண்ட டெம்ப்ளேட் எஞ்சினில சரியான ஆசை (2016 வரைக்கும் ஜேட் எண்டு இருந்ததுதான், ட்ரேட்மார்க் பிரச்சினையில பேர் மாத்தினவங்கள். தமிழ்ல எழுதினா இந்த பக்கும், புரோகிராம் பிழையச் சொல்லுற அந்த பக்கும் (bug) ஒண்டுதான், அதுவே ஒரு சகுனம்). ஆனா அதுக்கு நோட் (சேர்வரில ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டுற Node.js) வேணும், மாமா வாங்கி வச்சிருக்கிற மலிவு ஹோஸ்டிங்ல பிஎச்பி மட்டும்தான். அதோட சிங்களம் டைப் பண்ணித் தாற நண்பன் நோட்பேட்ல திருத்திறவன், பக்கில வரி எவ்வளவு உள்ளுக்குத் தள்ளி இருக்கெண்டதுதான் கணக்கு, டேபும் ஸ்பேசும் கலந்து விட்டானெண்டா பக் உடன எரர் அடிக்கும், இரவு 11 மணிக்கு எனக்குத்தான் கோல் வரும்.

கடைசியா ட்விக் எண்ட பிஎச்பி டெம்ப்ளேட் எஞ்சின். ஜிஞ்ஜா எண்ட பைதன் டெம்ப்ளேட் எஞ்சின எழுதின ஆர்மின் ரொனாக்கர்தான் இதையும் தொடங்கினவர், 2009ல சிம்ஃபொனி எண்ட பிஎச்பி ஃப்ரேம்வேர்க் ஆள் ஃபேபியன் பொட்டென்சியே எடுத்து வளத்தார், அதால ஜிஞ்ஜா பாவிக்கிற ஃப்ளாஸ்க் (பைதன் ஃப்ரேம்வேர்க்) பழகின எனக்கு ரெண்டு மணித்தியாலத்தில கை வந்திட்டுது. தாய் டெம்ப்ளேட் ஒண்டு, மற்றதெல்லாம் அத எக்ஸ்டெண்ட் பண்ணி தங்கட பிளொக்க மட்டும் நிரப்பும். ஃபோன் நம்பர் இப்ப ஒரே இடத்தில.

ஆனா என்ன ட்விக்கில மயங்க வச்சது ஆட்டோ எஸ்கேப்தான் (உள்ள வாற எச்டிஎம்எல் டேக்க வேலை செய்ய விடாம வெறும் எழுத்தாக் காட்டுறது). மாமா வேற சைட்டுகளில இருந்து சேலை விவரத்த அப்பிடியே கொப்பி பண்ணி ஒட்டுறவர், ஒருக்கா அதோட ஒரு டிவ்வ மூடுற டேக்கும் சேந்து வந்து பக்கம் முழுக்க இடப்பக்கம் சரிஞ்சு போச்சு. ட்விக்ல அது வெறும் எழுத்தாத்தான் தெரியும், பக்கம் அசையாது. ஸ்மார்ட்டி எண்ட இன்னொரு பிஎச்பி எஞ்சினில அத நாங்களாத்தான் ஒன் பண்ணோணும், நான் மறக்கிற ஆள்.

ஒரு சனியன் இருக்குது. ட்விக் டெம்ப்ளேட்ட பிஎச்பியா மாத்தி கேஷ் பண்ணி (பிறகு பாவிக்க ஒரு நகல) வச்சிடும், டீபக்க (பிழை தேடுற நிலைய) நிப்பாட்டி லைவ் விட்டா நீங்க திருத்தினது தெரியாது. பட்டுச்சேலைய "படுச்சேலை" எண்டு அடிச்சதத் திருத்தி ஏத்திப்போட்டு பஸ் ஏறிட்டன், பம்பலப்பிட்டி தாண்டேக்க மாமா கோல்: "தம்பி, அந்த 'ட்' இன்னும் வரேல்லயே?" நிண்டுகொண்டே ஃபோனால கேஷ் ஃபோல்டர அழிச்சன், வந்திட்டுது.